அம்மாவின் நம்பரில் என் எச்சில்

அம்மாவின் நம்பர் ஒட்டிய ட்யூபில் இருந்தது என் எச்சில். இதை இரண்டு வருடத்துக்கும் மேல் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா செத்து நாலு மாதம் ஆன பிறகும் சொல்லவில்லை. அந்த ட்யூபை வெளியே எடுக்கப் போகிறோம் என்று மேடம் வந்து நின்றிராவிட்டால் இன்றுவரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் ஒரு ஆராய்ச்சிக் கூடம். அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுவது, தரை துடைப்பது, கீழேயிருந்து ஐஸ் தூக்கிக்கொண்டு வருவது என் வேலை. அம்மா பாத்திரம் தேய்த்த பங்களா, டெல்லியில் கோட்டி என்பார்கள், அந்தக் கோட்டிக்காரர் சொல்லிவிட்டுக் கிடைத்தது. ஊரில் ஐந்தாவது வரைக்கும் தமிழ், டெல்லிக்கு வந்து இரண்டு வருடம் இந்தி. அதற்கு மேல் படிப்பு இல்லை. நானும் அம்மாவும் மட்டும்தான். ஜங்புரா பக்கத்தில் தமிழர்கள் குடிசை போட்ட மதராசி கேம்பில், நாலா என்ற சாக்கடைக் கால்வாயை ஒட்டின வரிசையில் குடியிருந்தோம்.

மேடம் இந்திக்காரர். வாய்ப்புற்றுநோயை எச்சிலை வைத்து முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. மேடத்துக்குக் கீழே டெக்னீஷியன் ஒருவர். தமிழர்தான், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். தமிழைப் பேசுவார், படிக்கத் தெரியாது. எல்லாரும் அவரைப் பையா, இந்தியில் அண்ணன், என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரிடம் கேட்டேன், "எச்சில்ல என்ன பையா தெரியும்? காறித் துப்பறதுதானே?"

"ஏய், காறித் துப்பறது வேற. அது சளி. நமக்கு வேணாம்" என்றார். "வாய்க்குள்ள சதை கெட ஆரம்பிக்குது, மதலப், அதாவது, கண்ணுக்குத் தெரியற மாதிரி புண்ணே இன்னும் வரலே, அப்பவே அந்த செல்லுங்க மாறிடும். மாறினதோட சேதி எச்சில்ல கலந்துடும். எந்த சேதி, எவ்ளோ வந்தா ஆபத்து, அதத்தான் மேடம் தேடறாங்க. சம்ஜா?"

புரிந்த மாதிரி தலையாட்டினேன். பிறகு கழுவிக் கழுவி, கேட்டுக் கேட்டு, கொஞ்சம் புரிந்தது. நோய்க்காரர்கள் எச்சில் ஒரு பக்கம், புகையிலை போட்டும் நோய் வராதவர்கள் எச்சில் ஒரு பக்கம். இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். நோய்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு அவர்களாக வருவார்கள். நோய் வராதவர்களை எங்கே பிடிப்பது? மேடம் இதைச் சொல்லிக் கவலைப்பட்டபோது நான்தான் வாயை விட்டேன். "எங்க கேம்ப்ல பாதிப் பேர் பொகையில போடறவங்கதான் மேடம். நான் கூட்டிட்டு வரேன்" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம், பையா, பல் டாக்டர் ஒருவர் மூவரும் கேம்புக்கு வந்தார்கள். படிவத்தில் கையெழுத்தும் கைநாட்டும் முதல் நாளே வாங்கியாகிவிட்டது. கோயிலுக்கு முன்னால் நாலு நாற்காலி, ஒரு மேசை, தெர்மகோல் பெட்டி நிறைய ஐஸ். முதலில் ட்யூபில் எச்சில் கொடுக்க வேண்டும். பிறகு மேசைக்கு வந்தால் டாக்டர் டார்ச் அடித்து வாய்க்குள் பார்ப்பார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எதுவும் வாயில் போடக் கூடாது, பல் தேய்க்கக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தேன். யார் கேட்டார்கள்? பெரிய படிப்புப் படித்தவர்கள் கையில் எச்சிலைக் கொடுக்கிறோம், சுத்தமாகக் கொடுக்க வேண்டாமா என்று எல்லாரும் அப்போதுதான் தேய்த்துவிட்டு வந்தார்கள். ஒருத்தர் ட்யூப் பூரா பேஸ்ட் நுரை. ஒரு அக்கா ஏலக்காய் மென்றுகொண்டே வந்தாள்.

"இன்னாத்துக்குமே ஏலக்கா? பாயசமா வெக்கப் போறாங்க?" என்று வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

"நாறுதுன்னு சொல்லிட்டா யாருக்கு அசிங்கம்? உனக்கா எனக்கா?" என்றாள் ஏலக்காய் அக்கா.

பையா தலையில் கை வைத்துக்கொண்டார். இன்னொரு தொல்லை, பெண்கள் யாரும் நாலு பேர் முன்னால் துப்ப மாட்டேன் என்றார்கள். தலையைக் குனிந்து, வாயில் ஊறுவதைச் சும்மா ட்யூபில் வழியவிட வேண்டும். பத்து நிமிடம் அப்படி உட்கார வேண்டும். புருஷனுக்கு அண்ணன், மாமனார் எல்லாம் நின்று பார்க்கும்போது எப்படி? ட்யூபை வீட்டுக்குள் கொண்டுபோய் வாங்கி வரலாமா என்று நான் மேடத்திடம் கேட்டேன். மேடம் யோசித்தார். பிறகு சரி என்றார். அதற்குப் பிறகு ஆம்பளைகளும் ட்யூபை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

அம்மா எல்லாருக்கும் கடைசியாக வந்தாள், கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு. காலையில் அது இல்லாமல் அவளுக்குக் கை ஓடாது. துப்பிவிட்டுக் கொப்புளித்தாள். ட்யூபில் விழுந்தது பழுப்பாகத்தான் இருந்தது. பையா தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ஓடாது. ஒரு மணி நேரம் கழிச்சு வரச் சொல்லு" என்றார்.

"எனக்குக் கோட்டிக்கு டைம் ஆயிட்சி" என்றாள் அம்மா. பையா நம்பர் ஒட்டிக் கொடுத்த வேறு ட்யூபை என் கையில் கொடுத்துக் கோயிலுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். "நீயே குடு பாப்பா. ஜல்தி."

"அது உன் நம்பரும்மா."

"எச்சில்ல எம்பேரா எழுதியிருக்கு? என் வயித்துல இருந்து வந்தவதான நீ. புளிய நெனச்சிக்கோ, தன்னால ஊறும்."

புளியை நினைத்துக்கொண்டேன். ஊறியது. கூப்பிட்ட ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள், என் அம்மா பெயர் மட்டும் விட்டுப்போகக் கூடாது என்று எனக்கு இருந்தது. மேடம் முன்னால் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை. அவ்வளவுதான் காரணம். வேறு எதையாவது காரணமாகச் சொல்லலாம் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன், இல்லை.

ட்யூபை ஐஸில் வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா இல்லை. கோட்டிக்குப் போய்விட்டாள். டார்ச் மேசையில் டாக்டர் கேட்டபோது, "நான் ஆஸ்பத்திரியிலதான சார் வேலை பாக்கறேன், அங்கயே கூட்டிட்டு வந்துடறேன்" என்றேன். அவர் படிவத்தில் 'பிறகு' என்று எழுதிக்கொண்டார். பையா அடுத்த வாரம் நினைவுபடுத்தினார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். மூன்றாவது வாரம் அவரும் மறந்துவிட்டார்.

அந்த மழைக்காலத்தில் அம்மா காரம் தின்பதை நிறுத்தினாள். குழம்பில் தயிரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். "இன்னாடி இவ்ளோ மொளகா அள்ளிப் போட்டுருக்க" என்று என்னைத்தான் திட்டினாள். ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்து ஓரமாக உள்ளே தள்ளினாள். கொட்டாவி வந்தால் தாடையைப் பிடித்துக்கொள்வாள். வாயைத் திறக்காமலே பேசுவாள். "ராணி மாதிரி பேசறியே, வாயத் தொறந்து பேசும்மா" என்று நான் சிரித்தேன். எங்கள் ஆராய்ச்சிக் கூடத்து வராந்தாவில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைத் திட்டு, பிறகு சிவப்பு, பிறகு புண். தினமும் அதற்குக் கீழே தரை துடைத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன்.

வாய் நாறுகிறது என்று கோட்டிக்காரம்மா வேலையை விட்டு நிறுத்திய பிறகுதான் போனோம். டாக்டர் பார்த்த உடனே முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார். அப்படி வைத்துக்கொண்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆபரேஷன் செய்தார்கள், தாடையில் பாதியை எடுத்தார்கள், கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். ஆறு மாதத்தில் கழுத்தில் திரும்பவும் வந்தது. கடைசியில் பேச்சு இல்லை. மூக்கில் குழாய். வாயின் ஓரத்திலிருந்து எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. பழைய புடவையைக் கிழித்து வைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பேன். துணியைப் பிழியும்போதெல்லாம் அந்த ட்யூப் ஞாபகம் வரும். அன்றைக்குக் கொஞ்சமாகக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. இப்போது எவ்வளவோ இருக்கிறது, யாரும் கேட்கவில்லை.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். வீட்டில் இருந்தால் தூக்கம்தான் வரும், அதனால் போனேன். வேலையிலும் தூக்கம் வந்தது. குழாயடியில் நின்று கழுவிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். பையா ஒன்றும் சொல்ல மாட்டார்.

நாலு மாதம் கழித்து மேடம் கழுவும் இடத்துக்கே வந்தார். அவர் அங்கே வந்ததே இல்லை. குழாயை மூடச் சொன்னார்.

"உன் அம்மா கேம்ப்ல எச்சில் குடுத்தாங்க இல்ல?" என்றார் இந்தியில். "லிஸ்ட்டைப் பார்க்கும்போதுதான் கவனிச்சேன். நோய் தெரியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி குடுத்தது. அந்த மாதிரி எச்சில் எங்ககிட்ட ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு. எல்லாரும் நோய் வந்த பிறகுதான் நம்மகிட்ட வராங்க. வரதுக்கு முன்னாடி எடுத்தது எங்க கிடைக்கும்?"

நான் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

"வியாழக்கிழமை அதை ஃப்ரீசர்ல இருந்து வெளியே எடுக்கப் போறோம். உன் அம்மா எவ்வளவோ பேருக்கு உதவப் போறாங்க. இதை உன்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

அழுதுவிட்டேன். மேடம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் எதற்கு அழுகிறேன் என்று அவர் தப்பாகத்தான் நினைத்திருப்பார். எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

பிறகு பையாவிடம் மெதுவாகக் கேட்டேன், "அதுல ஒண்ணும் வரலைன்னா என்ன பையா ஆகும்?"

"வந்தா பெரிய விஷயம். புண்ணு வரதுக்கு முன்னாடியே எச்சில் சொல்லிடுச்சுன்னு அர்த்தம். வரலேன்னா..." உதட்டைப் பிதுக்கினார். "இந்த மார்க்கர், மதலப் மேடம் தேடற சேதி, பேகார். நோய் வரப்போற ஆளையே இது பிடிக்கலேன்னு ஆயிடும். இருக்கறதே நாலஞ்சு சாம்பிள். அதுல ஒண்ணு போனாலும் போச்சு. வேற எதையாவது தேடணும்."

என் எச்சிலில் என்ன வரும்? நான் புகையிலை தொட்டதே இல்லை.

மூன்று நாள் இருந்தது. சொன்னால் வேலை போகும் என்பது பயம்தான். ஆனால் அதைவிட வேறொன்று இருந்தது. அம்மா பதினாலு வருடம் டெல்லியில் இருந்தாள். பாத்திரம் தேய்த்தாள், தரை துடைத்தாள். அவளால் எவ்வளவோ பேருக்கு உதவி என்று ஒரு பெரிய மனுஷி சொன்னது அதுதான் முதல் தடவை. செத்த பிறகாவது கிடைத்ததே என்று இருந்தது. அதை என் வாயாலேயே இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று பஸ்ஸில் உட்கார்ந்து நினைப்பேன். பக்கத்து சீட்டில் யாராவது குட்கா பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பார்கள். உடனே வேறு பக்கம் பார்ப்பேன். பஸ்ஸில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒருத்தர் மென்றுகொண்டுதான் இருந்தார்.

வியாழக்கிழமை காலையில் பையா ஃப்ரீசருக்குப் போகக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். நான் மேடம் அறைக்குள் போனேன்.

"மேடம், அது அம்மாவோடது இல்ல."

"எது?"

"ட்யூப்ல இருக்கறது. என்னோடது. அம்மா பொகையில போட்டுட்டு வந்துட்டாங்க. நான் துப்பிக் குடுத்துட்டேன்."

மேடம் என்னையே பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பையாவைக் கூப்பிட்டு, அதை எடுக்க வேண்டாம் என்றார். ரெஜிஸ்டரைத் திறந்து அம்மா நம்பருக்கு மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார். பக்கத்தில் ஏதோ எழுதினார்.

"ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

நான்தான் திருப்பிக் கேட்டேன். "அன்னிக்கு அம்மா எச்சிலே குடுத்திருந்தா பொழச்சிருப்பாங்களா மேடம்?"

"இல்லை" என்றார் உடனே. "ஃப்ரீசர்ல இருந்திருக்கும், அவ்வளவுதான். அதைப் படிக்க எங்களுக்கு இன்னும் தெரியாது. அதுக்குத்தான் இத்தனையும்."

நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்று புகுந்த மாதிரி இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"டாக்டர் சார் டார்ச் அடிச்சுப் பாத்திருந்தா?"

மேடம் பேனாவை மூடினார். பொய் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. "தெரிஞ்சிருக்கலாம்" என்றார்.

அந்த வார்த்தை இப்போதும் அப்படியே இருக்கிறது. அதற்கு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை.

மேடம் ரெஜிஸ்டரை மூடி வைத்தார். "ட்யூபை வீட்டுக்குள்ள கொண்டுபோக விட்டது என் தப்பு. நீ செஞ்ச மாதிரி இன்னும் எத்தனை பேர் செஞ்சாங்களோ. கேம்ப்ல எடுத்த எல்லாத்தையும் நிறுத்தி வெக்கறேன். நீ போய் ஒவ்வொரு வீடாக் கேளு. யாரையும் மிரட்டாதே. உண்மையைச் சொல்லச் சொல்லு."

"வேலைக்கு வரணுமா மேடம்?"

"வராம? பாத்திரம் யார் கழுவறது?" என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. அது எனக்கு நல்லதாகப் பட்டது.

பையாதான் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாவது நாள், "ஏக் தம் பாகலா, பைத்தியமா நீ? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே வேற எடுத்திருப்பேனே" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கேம்பில் ஆரம்பித்தேன். முதலில் எதிர் வீட்டு அத்தை. அம்மாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியது அவள்தான். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர்களிடம் உண்மை கேட்பதற்கு முன்னால் என்னுடையதைச் சொல்ல வேண்டும். சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இதுக்கா மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்க? எங்க ஊட்டுக்காரரு அன்னிக்கு டூட்டிக்குப் பூட்டாரு. நாந்தான் ரெண்டு ட்யூப்பிலயும் குடுத்தேன்."

"ஏன் அத்த?"

"ஏனா? உங்கம்மாதான் ஊடு ஊடா வந்து சொல்லிட்டுப் போனா. பாப்பா பெரிய எடத்துல வேலைக்குப் போவுது, ஆளு கொறஞ்சா அதுக்கு அசிங்கமாப் பூடும், ஆம்பளைங்க இல்லன்னா நீங்களே துப்பிக் குடுத்துடுங்கன்னா. அந்தாண்ட ஊட்லயும் அப்பிடித்தான். மூல ஊட்லயும் அப்பிடித்தான்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா இதை என்னிடம் சொன்னதே இல்லை. கோயிலுக்குப் பின்னால் அவசரப்படுத்தியபோதுகூடச் சொல்லவில்லை. நான் நல்ல பெயர் வாங்க ஆசைப்பட்டது அவளுக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

"அழுவாதடி" என்றாள் அத்தை. "நாலு சொட்டு எச்சில். அதுல இன்னா வந்துது இப்போ?"

"அப்ப மாமா வாய யாரு பாத்தது?"

"யாரு பாப்பாங்க? டார்ச்சுக்கு நானா போய் அவரு வாயத் தொறக்க முடியும்?"

பையா கொடுத்த காகிதத்தில் மாமாவின் நம்பரைத் தேடினேன். அதிலும் 'பிறகு' என்றுதான் இருந்தது. உள்ளே மாமா கட்டிலில் உட்கார்ந்து, உள்ளங்கையில் சுண்ணாம்பும் புகையிலையும் வைத்துக் கட்டைவிரலால் கசக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியதெல்லாம் கேட்டிருக்கும்.

"மாமா, ஆஸ்பத்திரிக்கு வாங்க. வாய ஒரு தடவ பாத்துடலாம். வரிசையில நிக்க வேணாம், நான் கூட இருக்கேன்."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் கீறேன்."

"எங்கம்மாவும் நல்லாத்தான் இருந்தாங்க."

"நாளைக்கு லீவு கெடையாது."

"செவ்வாக்கெழம?"

"அன்னிக்கு வேல எடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவான்."

எனக்குக் களைப்பாக இருந்தது. இன்னும் எத்தனையோ வீடு இருந்தது. ஒவ்வொன்றிலும் முதலில் என் கதையைச் சொல்ல வேண்டும், அப்புறம் அவர்கள் கதையைக் கேட்க வேண்டும், அப்புறம் இதே பேச்சு. எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. போகவில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன்.

"அப்ப எப்போ மாமா?"

அவர் கசக்குவதை நிறுத்தினார். வாயில் போட்டுக்கொள்ளவும் இல்லை, கீழே கொட்டவும் இல்லை. "புதன்கெழம பாக்கலாம்" என்றார் என்னைப் பார்க்காமல்.

"புதன்கெழம எத்தன மணிக்கு?" என்று கேட்டேன்.